வெயிலில் மேனி கறுப்பது ஏன்? வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பங்குனி பிறந்துவிட்டால் நம் கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அண்ணாச்சி, வெயிலில் அலைந்து முகமெல்லாம் கறுத்துப் போச்சு. நல்லதா ஒரு கிரீம் இருந்தா குடுங்க." கேட்பவர் கல்லூரி மாணவியாக இருக்கலாம், சைக்கிளில் பால் ஊற்றுகிறவராக இருக்கலாம், கல்யாணத்துக்கு நாள் குறித்த மாப்பிள்ளையாகவும் இருக்கலாம். நாமும் தலைக்கு மேலே சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டுகளில் கைக்கு எட்டியதைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறோம். பருப்புக்கும் புளிக்கும் பத்து கேள்வி கேட்டு வாங்குகிற நாம், முகத்தில் பூசுகிற சரக்குக்கு ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு நான் ஒரு முறை தவறான சரக்கைக் கொடுத்துவிட்டேன். அதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், வெயிலில் மேனி கறுப்பது எதனால், அதைத் தடுக்க வழி என்ன என்பதை நாம் ஒழுங்காகத் தெரிந்துகொள்வோம். இது வாடிக்கையாளருக்காக மட்டுமல்ல. காலை முதல் மாலை வரை வெயிலில் நிற்கிற சுமை தூக்கும் தொழிலாளர்கள், சரக்கு வண்டி ஓட்டுநர்கள், கடைப் பையன்கள், தள்ளுவண்டி வியாபாரிகள் ஆகிய நம் குடும்பத்தார் அனைவருக்குமான செய்தி இது.

தோல் பிடிக்கும் குடை

நம் மேல்தோலின் அடித்தளத்தில் நிறமிச் செல்கள் என்று ஒரு வகைச் செல்கள் இருக்கின்றன. மெலனின் என்னும் பழுப்புப் பொருளைத் தயாரிப்பதுதான் அவற்றின் வேலை. சிவப்பான மனிதருக்கும் கறுத்த மனிதருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கிற மெலனினின் அளவும் வகையும்தான் வேறு. ஆலை ஒன்றுதான், உற்பத்திதான் கூடக் குறைய.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் தோலுக்குள் நுழைந்து செல்களின் மரபுப் பொருளைத் தாக்குகின்றன. அடிபட்ட தோல் செல்கள் நிறமிச் செல்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே அங்கே உற்பத்தி கூடுகிறது. தயாரான மெலனின் சிறு சிறு பொட்டலங்களாகச் சுற்றியுள்ள தோல் செல்களுக்குப் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு செல்லும் அதை வாங்கித் தன் உட்கருவின் மேலே, வெயில் வருகிற பக்கமாக, குடைபோல விரித்துக்கொள்கிறது. மேலே இருந்து பார்க்கிற நமக்கு அதுதான் கறுப்பாகத் தெரிகிறது.

ஆகவே, வெயில் கறுப்பு என்பது தோலில் படிந்த அழுக்கல்ல. தேய்த்துக் கழுவ வேண்டிய கறையும் அல்ல. அடி விழுந்தபின் தோல் தானாகப் பிடித்துக்கொள்கிற குடை அது. குடை விரிந்திருக்கிறது என்றால் ஏற்கெனவே அடி விழுந்திருக்கிறது என்பதும் பொருள்.

இந்தக் கறுப்பு இரண்டு தவணையாக வருகிறது. வெயிலில் நின்ற சில நிமிடங்களிலேயே ஏற்படும் கறுப்பு, முன்பே தோலில் இருக்கிற மெலனின் நிறம் மாறுவதால் வருவது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் குறைந்துவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து வருகிற கறுப்புதான் புதிய உற்பத்தி. அது தங்கும். மேல்தோல் முழுவதும் உதிர்ந்து புதிதாக வளர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. அதன் பிறகே பழைய நிறம் மெல்லத் திரும்பும். அதுவும் இடையில் மறுபடி வெயில் படாமல் இருந்தால்தான்.

நம்மவர்களின் பழுப்புத் தோல் ஒரு பெரிய சொத்து. வெள்ளைக்காரர்களைப் பாடாய்ப்படுத்துகிற தோல் புற்றுநோய் நம் நாட்டில் மிகக் குறைவாக இருப்பதற்கு இந்த மெலனின் ஒரு முக்கியக் காரணம். ஆனால் குடை இருப்பதால் மழையில் நனையவே மாட்டோம் என்று சொல்ல முடியாது அல்லவா? மங்கு என்று நாம் சொல்கிற கன்னக் கருமை, காலத்துக்கு முன் விழும் சுருக்கம், கண்ணில் சதை வளர்தல், கண்புரை ஆகியவற்றில் வெயிலுக்கும் பங்குண்டு.

சூடு வேறு, கதிர் வேறு

பலரும் செய்கிற தவறு, சூடான வெயில்தான் கறுக்கவைக்கும் என்று நினைப்பது. சூட்டைத் தருவது அகச்சிவப்புக் கதிர். கறுக்கவைப்பதில் முதலிடம் புற ஊதாக் கதிருக்கு. இது கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்குச் சூடாகவும் படாது. கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் குளுகுளுவென்று போய்விட்டு, முகம் கறுத்துத் திரும்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் 10 சதவிகிதத்துக்கு மேல் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஊட்டி 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மெல்லிய மேகமும் இந்தக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. மப்பும் மந்தாரமுமான நாளிலும் மேனி கறுப்பது இதனால்தான்.

தரைக்கு வருகிற புற ஊதாக் கதிரில் இரண்டு வகை உண்டு. ஏ வகை 95 சதவிகிதம், ஆழமாக ஊடுருவும், நிறத்தை மாற்றும், சுருக்கம் தரும். பி வகை 5 சதவிகிதம்தான். ஆனால் தோலைச் சிவக்கச் சுட்டெரிப்பதும், புது மெலனினைத் தூண்டுவதும் பெரும்பாலும் அதன் வேலை. சாதாரணக் கண்ணாடி பி வகையைப் பெரும்பாலும் தடுத்துவிடும்; ஏ வகையைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும்.

இதற்கு நம் தொழிலிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2012ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் மருத்துவ ஏடு, அமெரிக்காவில் 69 வயதான ஒருவரின் முகப் படத்தை வெளியிட்டது. அவர் 28 ஆண்டுகள் சரக்கு விநியோக லாரி ஓட்டியவர். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். ஜன்னல் பக்கமாக இருந்த அவருடைய இடக் கன்னம் தடித்து, ஆழமான சுருக்கங்களோடு தொங்கிப்போயிருந்தது. வலக் கன்னம் அவ்வளவு கெடவில்லை. ஒரே முகம், ஒரே வயது. வெயில் மட்டும்தான் வித்தியாசம். நம் நாட்டில் ஓட்டுநருக்கு வலப்பக்கம் ஜன்னல். உங்கள் சரக்கு வண்டி ஓட்டுநரின் வலக் கையையும் இடக் கையையும் ஒரு நாள் சேர்த்து வைத்துப் பாருங்கள், விஷயம் விளங்கும்.

நிழலே முதல் முதலீடு

காசு செலவில்லாத பாதுகாப்பு நேரமும் நிழலும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வெயிலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் புற ஊதாக் கதிர் குறைவு. நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் அதிகம். நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தால் உச்சம்.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நிழலே விழாத நாள் நமக்கு உண்டு. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் வரும். கத்திரி முடிந்துவிட்டது, இனி பயமில்லை என்று இருக்க முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

புற ஊதாக் குறியீட்டு எண் என்று ஓர் அளவை உண்டு. இப்போது கைபேசியில் வானிலை பார்க்கிற இடத்திலேயே அது வருகிறது. 3 வந்தால் பாதுகாப்பு தேவை. 8 வந்தால் மிக அதிகம். 11 தாண்டினால் உச்சக்கட்டம். தமிழ்நாட்டுக் கோடை நடுப்பகலில் 11 என்பது சாதாரணம்.

ஆகவே கிட்டங்கி வைத்திருக்கிற மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். லாரியில் இருந்து சரக்கு இறக்குவதைக் கூடியமட்டும் காலை 10 மணிக்குள்ளும் பிற்பகல் 3 மணிக்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள். முடியாத நாளில், லாரி நிற்கிற இடத்துக்கும் கிட்டங்கி வாசலுக்கும் இடையே ஒரு தார்ப்பாய் கட்டிவிடுங்கள். மூட்டைக்கு வெயில் படக்கூடாதென்று தார்ப்பாய் கட்டுகிற நாம், மூட்டை சுமக்கிற முதுகுக்கும் கட்டலாம். கூடவே ஒரு பானைத் தண்ணீரும் வையுங்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024ஆம் ஆண்டு அறிவித்திருக்கிறது. இது இனி இரக்கத்தால் செய்கிற காரியம் மட்டுமல்ல, பொறுப்பும்கூட.

துணியைப் போன்ற காப்பு இல்லை

நிழலுக்கு அடுத்தது துணி. நெருக்கமாக நெய்த துணி, மெல்லிய துணியைவிட நன்றாகத் தடுக்கும். அடர் நிறம், வெளிர் நிறத்தைவிட நன்றாகத் தடுக்கும். வெள்ளைப் பருத்தித் துணி நனைந்துவிட்டால் அதன் தடுப்புச் சக்தி குறையும். வியர்வையில் நனைந்து ஒட்டிய பனியன் கிட்டத்தட்ட ஒரு பெயருக்குத்தான். வெளிச்சத்துக்கு நேரே துணியைப் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் பளிச்சென்று தெரிந்தால் அந்தத் துணி வழியே வெயிலும் போகும்.

முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு அல்லது அகலமான தொப்பி, பெண்களுக்குச் சேலைத் தலைப்பு அல்லது துப்பட்டா, இரு சக்கர வண்டி ஓட்டுவோருக்குக் கையுறை, முழுமுகத் தலைக்கவசம் என்று எதுவும் புதுச் செலவில்லை. நம் பெரியவர்கள் வயலுக்குப் போகும்போது முண்டாசு கட்டியது அழகுக்காக அல்ல. கறுப்புக் குடை நல்லதுதான். ஆனால் தரையில் இருந்தும் வானத்தில் இருந்தும் சிதறி வருகிற கதிரை அது தடுக்காது. மணலும் கடல் நுரையும் கதிரைத் திருப்பி அடிக்கும். உப்பளத்திலும் கடற்கரையிலும் வேலை செய்கிறவர்கள் குடைக்குக் கீழே இருந்தும் கறுப்பது இதனால்தான். அவர்கள் கண்ணுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

களிம்பு: கணக்குப் பார்த்து விற்போம்

நிழலும் துணியும் மறைக்காத இடத்துக்குத்தான் வெயில் தடுப்புக் களிம்பு, அதாவது சன் ஸ்கிரீன். அட்டையில் எஸ்.பி.எஃப். 15, 30, 50 என்று போட்டிருப்பார்கள். முறையாகப் பூசினால் 15 என்பது சுட்டெரிக்கும் கதிரில் 93 சதவிகிதத்தைத் தடுக்கும். 30 என்பது 97. 50 என்பது 98. எண் இரட்டிப்பதால் காப்பு இரட்டிப்பதில்லை என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்மூர் வெயிலுக்கு 30 இருந்தால் நல்ல அளவு.

இந்த எண் முக்கியமாகப் பி வகைக் கதிரின் கணக்கு. ஏ வகைக்குப் 'பி.ஏ.' என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். ஜப்பானில் 1996இல் தொடங்கிய முறை அது. கூட்டல் குறி எத்தனை கூடுதலோ அத்தனை நல்லது; நான்கு வரை உண்டு. 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டிருந்தால் இரண்டு வகைக்கும் காப்பு உண்டு என்று பொருள். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே கருமையைக் கூட்டும். இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயல் உள்ள களிம்பு அவர்களுக்கு உதவும்.

பூசுகிற அளவில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன் பூச வேண்டும். வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு முறையும், வியர்த்துத் துடைத்த பிறகும் மறுபடி பூச வேண்டும். இந்தக் கணக்குப்படி தினமும் இரண்டு வேளை பூசினால் 50 கிராம் டியூப் ஒரு மாதம் தாண்டாது. 'ஆறு மாதமாக வருகிறது' என்று ஒரு வாடிக்கையாளர் பெருமையாகச் சொன்னால், அவர் பூசுவது போதவில்லை என்று அர்த்தம். கட்டுப்படியாகாதவர்களுக்கு வாங்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். முழுக்கைச் சட்டையும் துண்டும் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். அந்த நேர்மையை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

கடையில் இந்தச் சரக்கை வெயில் விழுகிற கண்ணாடி அலமாரியில் அடுக்காதீர்கள். சூட்டில் களிம்பு பிரிந்து கெடும். வெயிலைத் தடுக்கிற சரக்கையே வெயிலில் வைத்து விற்பது நியாயமா? காலாவதித் தேதி பார்த்து, முன்னால் வந்ததை முன்னால் விற்றுவிடுங்கள்.

சமையலறை வைத்தியம்

கடலை மாவு, பயத்தம் மாவு, கஸ்தூரி மஞ்சள், தயிர் எல்லாம் நம் கடைச் சரக்குத்தான். விற்பதில் தவறில்லை. அவை எண்ணெய்ப் பிசுக்கையும் உதிரும் தோலையும் எடுத்து முகத்தைப் பளபளப்பாக்கும். ஆனால் அடித்தளத்தில் நடக்கிற மெலனின் உற்பத்தியை நிறுத்தாது. தேங்காய் எண்ணெய் தோலை மென்மையாக வைக்கும். வெயில் தடுப்புக்கு அதை நம்ப முடியாது.

எலுமிச்சையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால், அதில் உள்ள ஒரு பொருள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். கொப்புளமும், மாதக்கணக்கில் போகாத கரும்படையும் வரும். சர்பத் கடைக்காரர்கள் பழம் பிழிந்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே வெயிலுக்குப் போக வேண்டும். கறுப்பைப் போக்க எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெளியே போவது, இருக்கிற கடனை அடைக்க மீட்டர் வட்டிக்கு வாங்குவது போன்றது.

அதற்காக வெயிலைக் கண்டு ஓடி ஒளியவும் வேண்டாம். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி சத்தைத் தோல் தயாரிப்பது இதே வெயிலில்தான். நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற நம்மில் பலருக்கு அந்தச் சத்துக் குறைவு. கை கால்களில் கொஞ்ச நேரம் வெயில் படுவது நன்மை; மணிக்கணக்கில் காய்வதுதான் தீமை. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் மெலனின் குடை இல்லாததால் எளிதில் சுட்டுவிடும். அவர்கள் மூடிக்கொள்வது அவசியம். மச்சம் திடீரென்று வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ஒரு மாதமாகியும் ஆறாத புண் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

வைக்கக் கூடாத சரக்கு

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2019 கோடையில், பையோடு ஒருவர் இரு சக்கர வண்டியில் வந்தார். 'பதினைந்து நாளில் வெயில் கறுப்புப் போய்விடும், டஜனுக்கு இரண்டு இலவசம், பில் மட்டும் கிடையாது' என்றார். லாபம் நன்றாக இருந்தது. வாங்கித் தொங்கவிட்டேன்.

எங்கள் தெருத் தையல் கடையில் வேலை பார்க்கிற பெண் ஒன்று வாங்கிப் போனது. இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. மறுபடி வாங்கியது, தோழிகளுக்கும் சொன்னது. எனக்குச் சந்தோஷம். நான்கு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் தாயார் கடைக்கு வந்தார். மகளின் கன்னத்தில் தோல் மெலிந்து நரம்பு தெரிகிறதாம், சிவந்து எரிகிறதாம், பருவும் மீசை முடியும் வந்துவிட்டதாம், வாசலில் கோலம் போடக்கூட வெயிலில் நிற்க முடியவில்லையாம். களிம்பை நிறுத்தினால் இன்னும் மோசமாகிறதாம். தோல் டாக்டர் டியூபைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டாராம். தாயார் என்னைத் திட்டவில்லை. காலி டியூபைக் கல்லாமேல் வைத்துவிட்டு, "நீங்க குடுத்ததுன்னு நம்பித்தான் அண்ணாச்சி அவ போட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றுதான் அந்த டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். அதில் ஸ்டீராய்டு மருந்தின் பெயர் இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தது. விற்றவன் மறைக்கவில்லை, நான் படிக்கவில்லை.

பூசுகிற ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை மத்திய அரசு 2018ஆம் ஆண்டு 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலில் சேர்த்துவிட்டது. டாக்டர் சீட்டின்பேரில் மருந்துக் கடையில்தான் விற்கலாம். மருந்து உரிமம் இல்லாத நம் மளிகைக் கடையில் அதைத் தொங்கவிடுவது சட்டப்படி குற்றம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று முடிகிற பெயர்கள் இருந்தால் தொடாதீர்கள். வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோனும் டாக்டர் கண்காணிப்பில் பயன்படுத்த வேண்டியதே. தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத வெளிநாட்டு வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் இருக்கக்கூடும். அது தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஆகவே முகப்பூச்சு எதை வாங்கினாலும் நான்கு பாருங்கள்: பில் உண்டா, தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் உண்டா, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் உண்டா, காலாவதித் தேதி உண்டா? நான்கில் ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். 'பதினைந்து நாளில் வெளுக்கும்' என்று சொல்கிற சரக்கு, தோல் கஷ்டப்பட்டுப் பிடித்த குடையைப் பிடுங்கி எறிகிற சரக்காகவே பெரும்பாலும் இருக்கும்.

அந்தப் பெண் முழுதும் குணமாக ஒன்றரை ஆண்டு ஆனது. இப்போதும் எங்கள் கடைக்குத்தான் வருகிறது. இன்றைக்கும் யாராவது 'முகம் கறுத்துப் போச்சு அண்ணாச்சி' என்று வந்தால், நான் முதலில் கேட்பது இதுதான்: "எத்தனை மணிக்கு வெயிலில் போறீங்க? தலைக்குத் துண்டு போட்டுக்கிறீங்களா?" இதில் எனக்கு ஒரு பைசா லாபம் இல்லை. ஆனாலும் அவர்கள் அடுத்த மாதச் சாமான் பட்டியலை என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள்.